‘இனி ஒண்ணும் செய்ய முடியாது’

புற்றுநோய் முற்றிப்போனவரின் மகனை வார்டு வாசலுக்கு அழைத்து, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனி ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லும் டாக்டர் ஈரமில்லாதவர் அல்ல. அதற்குமேல் என்ன செய்யலாம் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான். நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சை எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் உரிய இடம் பெற்றதே 2019இல்தான். அதனால் கீழே உள்ள நம்பிக்கைகள் வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடமும் உண்டு.

நம்பிக்கை: மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், மூச்சும் நின்றுவிடும்.

உண்மை: புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபினை 1986லேயே பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம். குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துக் கூட்டினால் மூச்சு நிற்பது மிக அரிது. அடிமையாவார் என்ற பயத்தில் வலியோடு விடுவதற்கும் நியாயமில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். ‘வலிச்சா போடுங்க’ என்று மட்டும் எழுதினால் நோயாளி நாளெல்லாம் வலிக்காகக் காத்திருப்பார். மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மலமிளக்கியும் கூடவே எழுத வேண்டும். மறந்தால், மலம் இறுகி, அவரே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே டாக்டரானவர்கள் ஒரு தலைமுறை. சட்டம் 2014இல் தளர்ந்தது. பயம் இன்னும் தளரவில்லை.

நம்பிக்கை: கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்வது பிறவிக் குணம்.

உண்மை: அதுவும் ஊசி போடுவதைப் போலப் பழகி வருவதுதான். பயிற்சியில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், இன்னொருவர் டாக்டராக. முதல் பாடம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது. பிறகு, “உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?” என்று கேட்பது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அறிந்து, அந்த அளவுக்குச் சொல்வது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பது. இதுதான் பலருக்கும் வராது.

நம்பிக்கை: சாப்பாடு இறங்காததால்தான் போகிறார், ட்ரிப்ஸ் ஏற்றியே ஆகவேண்டும்.

உண்மை: கடைசி நாட்களில் உடம்பு அடங்குவதால்தான் பசி போகிறது. அப்போது ஏற்றும் நீர் கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டக்கூடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்து, வாயைச் சுத்தமாக வைத்தாலே இதமாக இருக்கும். பட்டினி போட்டுவிட்டோமோ என்று குமுறும் மனைவியிடம் இதை விளக்குவது பயிற்சி பெற்ற நர்ஸின் வேலை.

நம்பிக்கை: நோய்த் தணிப்புச் சிகிச்சை சாகப்போகிறவர்களுக்கு மட்டும்.

உண்மை: தொடக்கத்திலிருந்தே தரலாம். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இதை முன்கூட்டியே பெற்றவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், சராசரியாகக் கூடுதல் நாளும் வாழ்ந்தார்கள்.

இதையெல்லாம் படிக்கக் கடல் தாண்ட வேண்டாம். கோழிக்கோட்டில் 1993இல் சிறிதாகத் தொடங்கிய நோய்த் தணிப்புச் சிகிச்சை மையம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி தருகிறது. அடுத்த முறை உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: இங்கே மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா?