தண்ணிக்கு வழிவிட்டு வேலி போடுங்கள்

திருப்பூர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்வது ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். இவ்வளவு குறைவாகப் பெய்கிற ஊரில் வேலியோர மண் ஏன் அரித்துப் போகிறது? பெய்கிற கொஞ்சத்திலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து பொடியாகிக் கிடக்கும் செம்மண், புல் பூண்டு இல்லாமல் வழித்துவிட்ட சைட், நடுவே புதிதாக எழுப்பிய காம்பவுண்டு. மூன்றும் சேர்ந்தால் ஒரே இரவில் சுவருக்கடியில் நாய் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்துவிடும்.

அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர், காங்கயம் சாலை என்று எங்கு பார்த்தாலும் மானாவாரிக் காடுகள் மனைகளாகிவிட்டன. காடாக இருந்தபோது வேலி உயிருள்ளது. தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஹாலோ பிளாக் சுவர் தண்ணீரை மறித்து நிற்கும், கணக்குப் போடாமல் கட்டிய அணை மாதிரி. அரிப்பைப் பற்றி என்ன யோசித்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

மழையில் போய்ப் பாருங்கள். வேலிக்குக் கயிறு கட்டும் முன்பு, நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் சைட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று கல் வைத்து அடையாளம் செய்யுங்கள். மழை இல்லாத காலமென்றால் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் “இங்க தண்ணி எந்தப் பக்கமுங்க போகும்?” என்று கேட்டாலே போதும், லே-அவுட் வரைபடம் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். காடுகளுக்கு நடுவே போன பழைய இட்டேரித் தடங்கள் பல இன்று தார்ச்சாலை. ஆனாலும் மழை வந்தால் தண்ணீர் அந்தப் பழைய தடத்தைத்தான் தேடி வரும்.

சுவரில் வழி வையுங்கள். தண்ணீர் குறுக்கே ஓடும் இடங்களில் அஸ்திவார பெல்ட்டுக்கு மேல், தரைமட்டத்தில், ஓர் அடி அகலத்துக்குத் திறப்பு விட்டுக் கம்பி வலை போட்டுவிடுங்கள். மற்ற இடங்களில் ஆறேழு அடிக்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். தண்ணீர் வெளியே விழும் இடத்தில் பெரிய ஜல்லியோ உடைகல்லோ பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் துளை வைத்த இடத்திலேயே குழி பறிக்கும். ரெடிமேட் காம்பவுண்டு போடுகிறவர்களிடம் அடிப்பலகையில் இந்த வசதியை முன்பே கேட்டு வாங்குங்கள். பிறகு சொன்னால் “பலகையை உடைக்கணுங்க” என்பார்கள்.

இடம் இருந்தால் கிளுவை. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் தலைமுறைகளாக இருக்கிறது. நடுவே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடு வளர்ந்த நிலம் அதுதான். பாசனமே இல்லாத இந்தச் சரளை மண் இன்னும் மாடு மேய்க்கும் தகுதியோடு இருக்கிறதென்றால், அந்தப் புல்லும் வேலியும் மண்ணை நகரவிடாததும் ஒரு காரணம். கிளுவைக்கு நாற்று வேண்டியதில்லை. கை மொத்தத்தில் போத்து வெட்டி, மழைக்கு முன்பாக, ஆவணி புரட்டாசியில் நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள். கம்பி வேலி வேண்டும் என்பவர்கள் கல்லுக்காலுக்கு இடையே கம்பியும் இழுத்து, உள்பக்கம் கிளுவையும் வைக்கலாம். காவலுக்குக் கம்பி, மண்ணுக்குக் கிளுவை.

சரிவில் வெட்டிவேர். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இந்தியாவில் மண் அரிப்புக்கு எதிராக இந்தப் புல்லைப் பெரிய அளவில் பரப்ப முயன்றார்கள். வேர் பக்கவாட்டில் படராமல் நேர்கீழாக இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டர் வரை போகும். அதனால் சுவரின் அஸ்திவாரத்துக்குத் தொந்தரவு இல்லை. சரிவுக்குக் குறுக்கே ஒரே வரிசையாக, அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் நடுங்கள். இடைவெளி விட்டால் தண்ணீர் அங்கேதான் பாயும். முதல் ஆண்டு தண்ணீர் விட வேண்டும். நிழலில் வராது.

கூரைத் தண்ணீரைக் கணக்கில் எடுங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 4,600 லிட்டர். அதை ஒரே குழாயில் இறக்கிச் சுவரோரம் விட்டால், அரிப்பை நீங்களே அழைத்து வந்ததாகத்தான் அர்த்தம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. கட்டட அனுமதிக்காகத் தோண்டிய குழி மூடிக்கிடந்தால் தூர்வாரி, குழாயை அதில் சேருங்கள். குழி வேலியிலிருந்து ஏழெட்டு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

காம்பவுண்டை மண் தாங்கும் சுவராக ஆக்காதீர்கள். இந்தப் பட்டியலில் உயிரைப் பறிக்கக்கூடியது இதுதான். சைட் பள்ளமாக இருக்கிறது என்று லாரி லாரியாக கிராவல் கொட்டி, சாதாரணக் காம்பவுண்டில் சாய்த்து மேடாக்குகிறார்கள். காய்ந்த மண் நிற்கும். ஊறிய மண் தள்ளும். சுவருக்குப் பின்னால் மூன்றடி உயரத்துக்குத் தண்ணீர் மட்டும் தேங்கினாலே, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 400 கிலோவுக்கு மேல் பக்கவாட்டு அழுத்தம் விழுகிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, பக்கத்து மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் நடூரில், தொடர்மழையின்போது ஒரு வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். மண்ணைத் தாங்க வேண்டுமென்றால் அதற்கென்று பொறியாளரிடம் வடிவமைப்பு வாங்கித் தனிச்சுவர் கட்டுங்கள். மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது.

புரட்டாசியில் ஜேசிபி விடாதீர்கள். சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் மழைக்கு முந்தின வாரம் வேலியோரத்தில் வேரோடு பிடுங்கினால் அந்த நீளம் முழுக்கப் பொலபொலத்த மண்தான் மிஞ்சும். தை மாதத்துக்குப் பிறகு பிடுங்குங்கள், அல்லது இப்போதைக்கு அடியோடு வெட்டி, பக்கத்தில் மாற்றுச் செடி வேர் பிடித்த பிறகு தூரை எடுங்கள்.

வேலியடியைச் சுத்தமாகச் செதுக்காதீர்கள். பூச்சி வரும், பாம்பு வரும் என்று களைக்கொல்லி அடித்துச் சுவரோரத்தை மொட்டையாக்கும் பழக்கம் நம் ஊர் புது வீடுகளில் பெருகிவிட்டது. புல்லை இரண்டு அங்குலத்துக்கு வெட்டிவிட்டாலே பாம்பு பயம் குறையும். வேர் மண்ணில் இருக்கட்டும்.

பனியன் வேஸ்ட்டைப் பள்ளத்தில் திணிக்காதீர்கள். கையருகே இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கட்டி அரிப்புப் பள்ளத்தில் போட்டு மேலே மண் மூடுவது இங்கே நடக்கிறது. பாலியெஸ்டரும் லைக்ராவும் கலந்த துணி மக்காது. மண்ணோடும் ஒட்டாது. தண்ணீர் மூட்டைக்கு அடியில் சந்து கண்டுபிடித்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அரிக்கும். அதற்குப் பதில் தென்னை மட்டையைப் பள்ளத்துக்குக் குறுக்கே போட்டு முளை அடித்து, கற்களை அடுக்குங்கள். அடுத்த மழையில் வண்டல் தங்கி, பள்ளம் தானே தூர்ந்துவிடும். சரிவான கரை என்றால் தென்னை நார் விரிப்பு விரித்து அதன் மேல் புல் விதைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் நார் மக்கிப்போகும்போது புல் வேரூன்றியிருக்கும்.

உப்புத் தண்ணீரை யோசிக்காமல் பாய்ச்சாதீர்கள். மற்ற ஊர்கள் பலவற்றில் இல்லாத சிக்கல் இது. பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அந்த உப்பு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்து நிலத்தடிக்கும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. நொய்யல் ஓரத்து போர்வெல்கள் பலவற்றில் உப்பு இன்னும் தெரிகிறது. இந்த உப்பிலுள்ள சோடியம் மண்ணில் ஏறினால் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்துவிடும். மழை விழுந்ததும் மேலே ஓடு கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது, வழிந்தோடி மண்ணை வாரிக்கொண்டு போகும். உங்கள் வேலியோர மண் காய்ந்ததும் ஓடு ஓடாகப் பெயர்ந்தால் வேளாண் துறையின் மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜிப்சமும் தொழுவுரமும் போடச் சொல்வார்கள்.

ஓடைப் பக்கம் வேலியை நகர்த்தாதீர்கள். புறம்போக்கு என்று சட்டம் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். 2011 நவம்பரில் ஜம்மனை ஓடையில் வெள்ளம் வந்தபோது கரையோர வீடுகள் என்ன ஆயின என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரை அண்டை வீட்டுக்குள் திருப்பிவிடாதீர்கள். அங்கே அரித்தால் பொதுச் சுவரின் அஸ்திவாரம்தான் போகும். பொதுவாக ஒரு வடிகாலை இருவரும் செலவு பகிர்ந்து தெருச் சாக்கடை வரை எடுத்துச் செல்லுங்கள்.

சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ரெடிமேட் காம்பவுண்டின் தூண் சாய்ந்திருந்தால் அடியில் மண் ஏற்கெனவே போய்விட்டது. மேலே மண் அள்ளிப் போட்டு மிதித்தால் அடுத்த மழைவரைதான் தாங்கும். பலகைகளைக் கழற்றி, குழியைக் கெட்டியான மண் வரும்வரை தோண்டி, கான்கிரீட்டில் மறுபடி நட்டு, தூணைச் சுற்றி மண்ணை வெளிப்பக்கம் சரிவாக இறுக்கி விடுங்கள். தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை சுவரைச் சுற்றி நடந்து, குழாய்த் துண்டுகளில் அடைத்திருக்கும் மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.