உழவு இயந்திரத்தின் எரிபொருள்மானி



படுவான்கரை வட்டைகள் பலவற்றிலிருந்து எரிபொருள் நிலையத்துக்குச் செல்ல நெடுந்தூரம் உண்டு. மாரி மழை விழுந்து நிலம் பதமாயிருக்கும் வேளையில் உழவு இயந்திரம் டீசலின்றி வயல் நடுவே நின்றுவிட்டால், விதைப்பு பின்தள்ளப்படும். டீசல் முற்றாகத் தீர்ந்ததும் குழாய்களினுள் காற்றுப் புகுந்துவிடும். பின்னர் டீசல் ஊற்றினாலும், அக்காற்றை வெளியேற்றும் வரை பெரும்பாலான எஞ்சின்கள் இயங்கா. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஒவ்வொரு லீற்றரின் அருமையையும் நாம் உணர்ந்தோம். ஆகையால், தாங்கியின் மட்டத்தைக் காட்டும் கருவியைப் பற்றி அறிதல் நன்று.

அமைப்பு

வாவியில் இட்ட வலையின் மிதப்பு, நீர்மட்டத்துடன் ஏறி இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். தாங்கியினுள்ளும் அத்தகைய மிதவை ஒன்று உண்டு. அது ஒரு கம்பிக் கையின் நுனியிற் பொருத்தப்பட்டிருக்கும். டீசல் குறைய மிதவை தாழும். கையின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின்மேல் நகரும். இதனால் தடையின் அளவு மாறும். பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடிக் குறைய, மானியின் முள் அசையும்.

தடையின் அளவு எல்லா இயந்திரங்களிலும் ஒன்றன்று. ஒருவகையில் வெறுந்தாங்கிக்கு 10 ஓமும் நிறைந்த தாங்கிக்கு 180 ஓமும் ஆகும். வேறொரு வகையில் வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33 ஓம். பொருந்தாத உறுப்பை வாங்கிப் பூட்டினால் முள் பொய் கூறும்.

பழுதுகள்

1. மிதவையில் துளை விழுந்து டீசல் புகுந்தால், அது அடியிலேயே கிடக்கும். தாங்கி நிறைந்திருப்பினும் முள் வெறுமையையே காட்டும்.

2. தடைச் சுருள் தேய்ந்தால், முள் ஓரிடத்தில் நில்லாது துள்ளும்.

3. உப்புக்காற்றினால் கம்பியின் முனைகளிற் களிம்பு ஏறினால் மின்னோட்டம் தடைப்படும். முதலில் இம்முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குக. பல வேளைகளில் இதுவே போதுமானது.

வரம்பேறும்போதும் சரிவில் நிற்கும்போதும் டீசல் ஒருபக்கம் சாய்வதால், முள் காட்டும் அளவை நம்பற்க. சமதரையில் நிறுத்தியே பார்த்தல் வேண்டும்.

அளவுகோல் செய்யும் முறை

மானி பழுதுற்றாலும் வேலை தடைப்படாதிருக்க, ஓர் அளவுகோல் செய்து வைத்துக்கொள்க. தாங்கி வெறுமையாயிருக்கும் சமயத்தில், இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, 5 லீற்றர் டீசல் ஊற்றுக. நன்கு காய்ந்த, துப்புரவான தடியொன்றை அடிதொட நேராக இறக்கி, நனைந்த இடத்தில் வெட்டுக்குறி இடுக. இவ்வாறே தாங்கி நிறையும் வரை ஐந்தைந்து லீற்றராக ஊற்றிக் குறியிடுக. தாங்கியின் வடிவம் எங்கும் ஒரேயளவு அன்றாதலால் குறிகளின் இடைவெளி வேறுபடும், அது தவறன்று.

தடியில் மண்ணோ நீரோ இருத்தல் ஆகாது. பீடி, விளக்கு, அடுப்பு என்பன அருகில் வேண்டாம். பெற்றோல் வாகனத்தின் தாங்கியைத் தாமே கழற்றாது, தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைக்க.

காலையில் வயலுக்குப் புறப்படுமுன் தடியை ஒருமுறை இறக்கிப் பார்ப்பவர், நண்பகலில் கலனுடன் வரம்புவழி நடக்க வேண்டியதில்லை.