காதைப் பார்க்கும் முறை

நெசவாளர் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லுமிடத்தெல்லாம், "காது சற்று மந்தம், எல்லாம் தறிச் சத்தம்தான்" என்று அங்கத்தினர்கள் சொல்ல நாம் கேட்கிறோம். விசைத்தறிக் கூடங்களில் ஆண்டுக்கணக்காக உழைப்போருக்கு ஓசையால் உட்செவி கெடுவது உண்மையே. அவ்வாறு கெட்டது மீளாது. ஆனால் காதை ஒருமுறையேனும் பாராமல் தறியின்மேல் பழி சுமத்துவது முறையன்று. குறும்பி அடைத்ததால் வந்த மந்தமாயின், அதனை நீக்கியதும் போய்விடும். எதுவென்று முடிவு கூற வேண்டியவர் மருத்துவரே. எனினும் புறச்செவியின் நிலையை வீட்டிலுள்ளோரே ஓரளவு அறியலாம்.

நல்ல வெளிச்சத்தில் இரு காதுமடல்களையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு, வீக்கம், புண், தோடு துளையிட்ட இடத்தில் சீழ் ஆகியன உண்டா என நோக்குக. காதின் பின்புறத்தையும் மறத்தலாகாது. பின்னர், பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால் வளைந்த துவாரம் நேராகும். சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். கைவிளக்கின் ஒளியில் வாயிற்பகுதி தெரியும். அதற்கு மேல் ஆழம் பார்க்க முயல வேண்டா.

துவாரத்தின் முன்னே, கன்னத்தையொட்டிக் குருத்தெலும்பு முனையொன்று இருக்கிறது. அதனை அழுத்தும்போதோ மடலை இழுக்கும்போதோ வலி மிகுந்தால், நோய் பெரும்பாலும் புறச்செவித் துவாரத்திலேயே உள்ளது. சிறு கட்டியாகவோ தோல் அழற்சியாகவோ இருக்கலாம். கிணற்றிலும் குளத்திலும் நீந்தியபின் வரும் காதுவலி பலவும் இவ்வகையினதே. நடுச்செவி நோயில் இவ்வழுத்தம் பொதுவாக வலியை மிகுப்பதில்லை. காசு செலவில்லாத இச்சோதனை யாவரும் அறியத்தக்கது.

அரிப்பு மிகுந்து, நனைந்த காகிதம் போன்ற பொருளும் அதன்மேல் கரும்புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சணமாக இருக்கக்கூடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் அது எளிதில் வளரும்.

குறும்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துவாரத்தின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. அதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கில் மட்டுமே குறும்பி சுரக்கிறது. தோல் வெளிநோக்கி நகர்ந்து அதனைத் தானே கொண்டுவந்து தள்ளிவிடுகிறது. கோழியிறகும் கொண்டையூசியும் அதனைச் செவிப்பறை வரை திணிக்கின்றன. பஞ்சுக்குப் பஞ்சமில்லாத நெசவாளர் வீடுகளில் பஞ்சு சுற்றிய குச்சியும் இதே தீங்கைத்தான் செய்கிறது. காய்ச்சிய எண்ணெய் தோலைச் சுடும். பறையில் ஓட்டையிருப்பின் நடுச்செவிக்குள்ளும் இறங்கும்.

குழந்தையின் காதில் பயறோ நெல்லோ புகுந்தால் நீர் விடலாகாது. அது ஊறிப் பருக்கும். கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற சிறு பேட்டரி புகுந்தால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிருள்ள பூச்சி நுழைந்தால், முன்பு சீழ் வடிந்திராத காதாயின், வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் சில துளி விட அது இறந்துவிடும். எடுப்பதை மருத்துவரிடம் விடுக.

நீரிழிவு உள்ளவருக்கு உறக்கம் கெடுக்கும் காதுவலி, மடலை முன்தள்ளும் பின்புற வீக்கம், முகம் ஒருபுறம் கோணுதல், ஓரிரு நாளில் கேள்வி திடீரெனக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூலிப் பட்டுவாடா நாள் வரை காத்திருத்தல் ஆகாது.