கறுப்பு வயரா, சிவப்பு வயரா?

ஏழு கம்பி கிட்டாருக்கு எந்த பிக்கப் வாங்கலாம் என்று கேட்டு வருகிற பையன்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யார்கிட்ட குடுத்து மாட்டப் போறே?" கடையில் கொடுக்கப்போவதாகச் சொன்னால், அப்புறம் எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும் நான் காது கொடுப்பதில்லை. பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய பிக்கப்பை, வயரை மாற்றிச் சேர்த்த ஒரு மெக்கானிக்கின் புண்ணியத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவன் சொல்கிறேன்.

என்னுடையது ஐபனெஸ் ஆர்ஜி 7321. பெங்களூரில் கைமாறி வந்தது. உங்களுடையதும் அநேகமாக இதுவோ, இதன் அண்ணன் தம்பியோதான். நம் பக்கத்தில் ஏழு கம்பி வாங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் கட்டுப்படியாகாது. பாஸ்வுட் உடம்பு, 25.5 இஞ்ச் ஸ்கேல், லேப்டாப்பில் ஆம்ப் சாஃப்ட்வேர். எங்கள் ஊரான ராயப்பன்பட்டியில் கிட்டார் ஒன்றும் அதிசயமில்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் எப்போதும் ஒரு கிட்டார் உண்டு, பண்ணைப்புரத்து இளையராஜாவே கிட்டார் வாசித்தவர்தான். ஏழாவது கம்பி எதற்கு என்பதுதான் அப்பாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் 1990இல் யுனிவர்ஸ் என்ற ஏழு கம்பி கிட்டாரைக் கொண்டுவந்ததையும், 1994இல் ட்ரீம் தியேட்டரின் 'அவேக்' ஆல்பத்தில் ஜான் பெட்ரூச்சி ஏழு கம்பியில் வாசித்ததையும் திராட்சைப் பந்தலுக்கடியில் கவாத்துக் கத்தியோடு நிற்கிற மனிதரிடம் எப்படி விளக்குவது?

விஷயம் இதுதான். ஆறாவது கம்பியான ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழாவது பி கிட்டத்தட்ட 62 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் டிஸ்டார்ஷன் போட்டு, ப்ராக்ரெசிவ் மெட்டலுக்கே உரிய மாதிரி ஏழிலும் ஐந்திலும் தாளத்தை உடைத்து வாசித்தால், கிட்டாரோடு வந்த பிக்கப்பில் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியோடு குழைந்துபோகும். கீழ் ஒலி இறுக்கமாக வேண்டும். அதே சமயம் க்ளீன் டோனில் நாலு, ஐந்து சுரம் சேர்ந்த கார்டு வாசித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கவும் வேண்டும். அதற்காகத்தான் மாற்றுவது.

தேர்வு எனக்குப் பெரிய தலைவலியாக இல்லை. இஎம்ஜி 707 வேண்டாமென்று ஒரே மாலையில் முடிவு செய்தேன். அது பேஸ் கிட்டார் பிக்கப் அளவுக்குப் பெரிய சோப்புப் பெட்டி. என் கிட்டாரின் குழிக்குள் இறங்காது, மரத்தைக் குடைய வேண்டும். 9 வோல்ட் பேட்டரி, 25கே பாட், ஸ்டீரியோ ஜாக் என்று உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டும். ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸுக்கும் பேட்டரி வேண்டும் என்பதால் அதுவும் போயிற்று. மெஷுகா புகழ் லண்ட்க்ரென் எம்7, பெரிஃபரியின் மிஷா மன்சூருக்காகச் செய்த பேர் நக்கிள் ஜக்கர்னாட் இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்து சுங்கத்தைத் தாண்டி இறங்குவதற்குள் ஒரு அறுப்புக் காசு கரைந்துவிடும். பெட்ரூச்சி வாசித்த மியூசிக் மேன் கிட்டாரும் பாஸ்வுட்தான். ஆகவே அவருக்காக டிமார்ஸியோ செய்த க்ரஞ்ச் லேப், ஏழு கம்பி மாடல். செராமிக் காந்தம், ஒரு பக்கம் முழு நீள இரும்புப் பட்டை, மறுபக்கம் தனித்தனிக் குமிழ்கள். இப்போதும் சொல்கிறேன், அது சரியான தேர்வு.

ஓம் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "16கே இருக்கு, செம ஹெவி" என்பார்கள். மெல்லிய கம்பியால் சுற்றினாலே ஓம் ஏறிவிடும். காந்தம் என்ன, எத்தனை சுற்று, சுற்றின கம்பியின் தடிமன் என்ன என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒலி.

பெரிய ஊர்க் கடை ஒன்றில் மாட்டக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பிளக்கைச் செருகினால் கொசு ரீங்காரம். மேலே இருக்கிற மெல்லிய கம்பிகள் சுமாராகக் கேட்டன. எந்த ஏழாவது கம்பிக்காக வாங்கினேனோ அது இருக்கிற இடமே தெரியவில்லை. கூடவே பழைய பிக்கப்பில் இல்லாத ஓர் இரைச்சல், கம்பியில் கையை வைத்தாலும் நிற்காதது. திரும்பக் கொண்டுபோனேன். மெக்கானிக் மீட்டரை வைத்துக் காட்டினார். கம்பெனி சொன்ன ஓம், புள்ளி பிசகாமல்.

"மீட்டர் கரெக்டா காட்டுது பாருங்க தம்பி. உங்க ஊர்ல எர்த் சரியிருக்காது. சுத்தி மோட்டார் ஓடுற ஊர்ல இந்த மாதிரி சாமானெல்லாம் சரிப்படாது."

இந்தப் பேச்சைத்தான் நான் மறக்கவில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் லோயர் கேம்பில் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற பள்ளத்தாக்கு இது. கரண்ட் பற்றி எங்களுக்குப் பாடம்! பம்ப்செட் ஓடினால் வோல்டேஜ் ஏறி இறங்கும், உண்மைதான். அதுதான் காரணமென்றால், லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி வெறும் பேட்டரியில் போட்டால் கம்பியின் கனம் திரும்பி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார். கம்பத்தில் இருக்கிற எங்கள் டிரம்மர், என் மாமா பையன், அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "பழசே நல்லா இருந்துச்சு மச்சான், பேரைப் பாத்து ஏமாந்துட்டே" என்றான். மீட்டர் சரி, மெக்கானிக்கும் சரி என்கிறபோது மிச்சம் இருப்பது பிக்கப் மட்டும்தானே? என் இடத்தில் யார் இருந்தாலும் விற்றுத்தான் இருப்பார்கள். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் பாதி விலைக்கு வாங்கிப் போனான். கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பினான். ஏழாவது கம்பி சுவர் இடிகிற மாதிரி இறங்கியது.

கழற்றுவதற்கு முன் கிட்டாரின் பின்மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு வயர் ஸ்விட்ச்சுக்குப் போயிருந்தது. சிவப்பும் வெள்ளையும் முறுக்கி, கறுப்பு டேப்புக்குள் சுருண்டு கிடந்தன. பச்சை எர்த்தில். இது சீமோர் டங்கன் கம்பெனியின் கணக்கு. டங்கனில் கறுப்புதான் ஹாட், அதாவது ஒலியைக் கொண்டுபோகிற வயர்; சிவப்பும் வெள்ளையும் ஜோடி. டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் ஜோடி. பச்சை இரண்டிலும் எர்த் என்பதால் அந்த மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை. கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரே சார்ட்டைப் பார்த்து எல்லாப் பிக்கப்புக்கும் ஒரே மாதிரி ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி ஹம்பக்கர் பிக்கப்புக்குள் இரண்டு காயில் இருக்கிறது. இரண்டும் கம்பியின் ஒலியைக் கூட்டும், இரைச்சலை ஒன்றுக்கொன்று கழிக்கும். வயரை இப்படி மாற்றினால் ஒரு காயில் தலைகீழாகிறது. இப்போது இரைச்சல் கூடும், ஒலி கழியும். அதிலும் கீழ் ஒலிதான் இரண்டு காயிலிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழுவது. எனவே அதுதான் அதிகம் அடிபடும். ஓம் மட்டும் மாறவே மாறாது, வரிசையில் நிற்கிற இரண்டு காயிலில் எது தலைகீழானாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். மீட்டர் "சரி" என்று சொன்னதன் லட்சணம் அது.

கண்டுபிடிக்க ஒரு முள் மீட்டர் போதும். மிகக் குறைந்த டிசி அளவில் வைத்து ஹாட்டிலும் எர்த்திலும் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை ஒரு காயிலின் இரும்பில் டக்கென்று தொடுங்கள், பிறகு மற்றதில். முள் இரண்டு தடவையும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மீட்டர் இல்லையென்றால், ஜோடி சேர்த்த இடத்தை ஒரு துண்டு வயரால் எர்த்தோடு தொட்டுப் பாருங்கள். ஒரு காயில் மட்டும் ஒலிக்கும். அது இரண்டும் சேர்ந்ததைவிடக் கனமாகக் கேட்டால் உங்கள் மெக்கானிக்கும் என் மெக்கானிக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

அடுத்து வாங்கியது டங்கனின் நாஸ்கூல். செராமிக்தான். ஆர்டர் போடும்போது 'பேசிவ் மவுண்ட்' என்று பார்த்துப் போடுங்கள். அதே பெயரில் சோப்புப் பெட்டி அளவிலும் விற்கிறார்கள். அந்தக் கடையின் சார்ட் இதற்குச் சரியாகப் பொருந்தியிருக்கும். தெரிந்தேதான் போகவில்லை. நானே ஈயம் வைத்தேன். வயருக்கு 25 வாட் அயர்ன் போதும். பாட்டின் முதுகில் எர்த் வைக்க அது திணறும், 50 வாட் வாங்குங்கள், முதுகை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். 500கே பாட் ஏற்கெனவே இருக்கும், தொட வேண்டாம். உயரம் வைக்கும்போது ஏழாவது கம்பிப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், கிட்டே போனால் மறுபடி குழையும்.

டிரம்மர் கேட்டுவிட்டு, "இது நல்ல பிக்கப்" என்றான். அதுவும் நல்ல பிக்கப்தான்டா என்று இப்போதும் அவனோடு மல்லுக்கு நிற்கிறேன்.

நெக் பக்கம் இன்னும் பழையதுதான் கிடக்கிறது. டங்கன்காரர்கள் நாஸ்கூலுக்குச் சென்டியன்ட்டை ஜோடி சொல்கிறார்கள், அல்னிகோ 5 காந்தம், க்ளீன் கார்டுக்கு ஏற்றது. நான் டிமார்ஸியோவின் லிக்விஃபயர்தான் போடப்போகிறேன். அந்தக் கம்பெனிக்கு என்னால் ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டதே என்கிற கணக்கும் அதில் உண்டு. இரண்டு கம்பெனியைக் கலந்தால் ஸ்விட்ச்சை நடுவில் வைக்கும்போது மறுபடியும் கொசு ரீங்காரம் வரலாம். வந்தால் பதற வேண்டாம்: நெக் பிக்கப்பின் ஹாட்டையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், மூடாமல் வருகிற வெறும் கம்பியை மட்டும் எர்த்திலேயே விட்டுவிடுங்கள்.