ஆலைச் சங்கும் நீதிமன்றத் தீர்ப்பும்

முன்னுரை

ராஜபாளையத்தில் ஆலைகள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரப் பயணந்தான். ஆனால் நீதிமன்றத்தில் பிறக்கும் ஒரு தீர்ப்பு ஆலை வாசலுக்குள் எப்படி நுழைகிறது, முதலாளியின் கணக்கையும் தொழிலாளியின் வாழ்வையும் எப்படி மாற்றுகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடிமையியல் பாடத்தில் வரும் அடிப்படை உரிமைகள் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறோம்.

நம் ஊர் ஆலைகள்

1936 ஆம் ஆண்டில் திரு. பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னர் இப்பகுதியில் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பாண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. நூற்கும் இயந்திரங்கள் விலை மிகுந்தவை. அவை நின்றால் நஷ்டம்; வங்கிக் கடனுக்கோ இரவிலும் வட்டி ஏறும். ஆதலால் நூற்பாலைகள் மூன்று ஷிப்டுகளாக இரவு பகல் ஓடுகின்றன. நம்மில் பலருடைய தாய்மாரும் அக்காமாரும் அங்கு வேலை செய்கிறார்கள்.

ஒரு வாரத்திற்கு எத்தனை நாள்?

1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிள்ளை பெறும் தொழிலாளிக்கு 12 வாரங்கள் வரை ஊதியத்தோடு விடுப்பு தந்தது. கோவைப் பகுதித் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் தொழிலாளிக்கு 72 நாள் ஊதியமே தரப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது. ஆகவே வாரத்திற்கு ஆறு நாள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அவரோ 84 நாள் ஊதியம் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1977 ஆம் ஆண்டில் நீதிபதிகள், வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று தீர்ப்பளித்தனர். தாய் தன்னையும் குழந்தையையும் காத்து, இழந்த வலிமையைத் திரும்பப் பெறுவதற்காகவே இந்த உதவி என்பது அவர்கள் கூறிய காரணம். பசிக்கு ஞாயிறு விடுமுறை இல்லை அன்றோ!

கேட்டவர் ஒருவர், வித்தியாசம் 12 நாள் கூலி. ஆனால் அரசியலமைப்பின் 141 ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றம் வகுத்துரைக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஆகவே அந்தத் தீர்ப்பு இந்தியா முழுவதிலும் உள்ள முதலாளிகளின் கணக்கை மாற்றியது.

இரவு ஷிப்டு வழக்கு

நம் ஆலைகளை நேராகத் தொட்டது மற்றொரு தீர்ப்பு. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 66 ஆம் பிரிவில், காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரையே பெண்கள் வேலை செய்யலாம் என்று விதித்தது. மாநில அரசு இதைச் சற்றுத் தளர்த்தலாம். ஆயினும் இரவு 10 முதல் காலை 5 வரை அவ்வாறு தளர்த்தக் கூடாது. பெண்களைக் காப்பதற்காகவே இந்த வேலி போடப்பட்டது. ஆனால் மூன்றாம் ஷிப்டுக்கு வர முடியாதவரை எதற்கு வேலைக்கு எடுப்பது என்று நிர்வாகம் நினைத்தால், வேலியே பெண்ணின் வேலைக்கு இடையூறாகிவிடும்.

பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளில், 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று கூறி நீக்கியது. ஆனால் கதவைத் திறந்ததோடு அது நிற்கவில்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைப்போர் போக்குவரத்து வசதி தர வேண்டும். பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக அமர்த்த வேண்டும். ஓய்வறையும் போதிய வெளிச்சமும் வேண்டும். மேற்பார்வையாளர்களிலும் பெண்கள் இருக்க வேண்டும். பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. முன்பு பாதுகாப்பின் சுமையைப் பெண்ணே தாங்கினாள். அவள் வேலையை இழந்து வீட்டில் இருந்தாள். தீர்ப்புக்குப் பின் அந்தச் சுமை முதலாளியின் தோளுக்கு மாறியது. பெரிய ஆலை பஸ் விடும், ஓய்வறை கட்டும். நாலைந்து பெண்களை வைத்து நடத்தும் சிறு தொழிலுக்கு இது எளிதன்று. அவர்களுடைய சங்கடமும் உண்மையானதே.

செலவை யார் தாங்குவது?

2017 ஆம் ஆண்டில் மகப்பேறு விடுப்பு, முதல் இரு குழந்தைகளுக்கு, 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றாயிற்று. இச்செலவு முழுவதும் முதலாளி மேல் விழுந்தால், பெண்களே வேண்டாம் என்று சிலர் எண்ணக்கூடும். இதற்கு நல்ல வழி ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. 2019 ஜூலை முதல் முதலாளி ஊதியத்தில் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். ஆணை வைத்தாலும் பெண்ணை வைத்தாலும் முதலாளி கட்டும் விகிதம் ஒன்றே. அதில் பதிவானவர்களுக்கு மகப்பேற்று உதவித் தொகையைக் காப்பீட்டுக் கழகம் தருகிறது. பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொண்டால் பாரம் எவரையும் அழுத்தாது.

சம்மதம் என்னும் சொல்

2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் வேலை செய்யப் பெண்ணின் சம்மதம் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஆலை விடுதியிலேயே தங்கி, உணவுக்கும் படுக்கைக்கும் கூலிக்கும் ஒரே நிர்வாகத்தை நம்பியிருக்கும் பதினெட்டு வயதுப் பெண் சொல்லும் 'சரி' முழுச் சம்மதம் ஆகுமா? 'இன்று முடியாது' என்று சொன்னாலும் அவளுடைய வேலைக்கும் இடத்திற்கும் ஆபத்து வராது என்றால்தான் அது சம்மதம். இதைப் பார்த்துக்கொள்ளத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் வேண்டும். அவர்களிடம் வாய் திறந்து சொல்லும் தொழிலாளர்களும் வேண்டும்.

முடிவுரை

தோழியரே! ஒரு தொழிலாளி 12 நாள் கூலியைக் கேட்டதால் ஒரு சட்டத்தின் பொருள் தெளிவாயிற்று. கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் சிலர் நாளை ஆலைக்குப் போவோம். சிலர் ஆலை நடத்தவும் கூடும். அதற்குமுன் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்குவோம். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் அதில் இருக்கிறதா, எவ்வளவு என்று வாசித்துக் காட்டுவோம். எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் அதிலுள்ளதைப் படித்துச் சொல்வோம். நாம் கற்ற கல்வியால் நம் வீட்டார் பெறக்கூடிய முதல் பயன் இதுவே.