தேரை நஞ்சும் வீட்டு நாய்களும்

மழை விட்ட இரவுகளில், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட லயங்களின் கால்வாயோரம் தேரைகள் இரை தேடி வருவதை நாம் காண்கிறோம். விளக்கடியில் ஈசல் தின்னும் அத்தேரையை நாய்க்குட்டி கவ்விவிட்டால் என்ன நேரும்?

தேரையின் கண்களுக்குப் பின்னால் இரு புறமும் புடைத்திருப்பவை நஞ்சுச் சுரப்பிகளாகும். கவ்விய மாத்திரத்தில் பால் போன்ற நஞ்சு நாயின் வாயில் கசியும். சில நிமிடங்களில் எச்சில் நுரைத்து ஒழுகும், ஈறு சிவக்கும், வாந்தியும் உண்டாகும். நஞ்சு மிகுந்தால் வலிப்புக் கண்டு, இதயத் துடிப்புச் சீர்கெட்டு, உயிர் போகவும் கூடும். உடல் சிறுத்த பிராணிக்கே ஆபத்து அதிகம். பாம்பு தீண்டியதோ என்று கடிவாயைத் தேடிக்கொண்டிருப்பது வீண் காலதாமதமேயாகும்.

உடனே நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீரை மெல்ல விட்டுப் பத்து நிமிடமேனும் கழுவுதல் வேண்டும். நீர் தொண்டைக்குள் இறங்கலாகாது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்து, பின்னர் நம் கைகளையும் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். தள்ளாட்டமோ வலிப்போ கண்டால் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் அவசியம்.

1935-ஆம் ஆண்டில் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட பெருந்தேரை, அங்குள்ள உடும்புகளையே மாய்த்தது. நம் ஊர்த் தேரை உருவில் சிறியது. பூச்சிகளைத் தின்னும் உபகாரியுங்கூட. ஆகவே அதனைக் கொல்லாது, நாயின் தண்ணீர்ச் சட்டியை மட்டும் இரவில் உள்ளே எடுத்து வைப்போம்.