குடிமராமத்தும் கூட்டுறவும்

வேப்பம்பட்டைச் சுற்றியுள்ள ஏரிகள் பருவமழையை நம்பியவை. ஏரி தூர்ந்தால் விவசாயியின் வயலும் நெசவாளியின் கிணறும் ஒருங்கே வறளும்.

கி.பி. 10ஆம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரில் ஏரி வாரியத்தினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிற்காலத்தில், குடிமராமத்துக்கு வராதவரிடம் உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்க, 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே பிறந்தது. ஆயினும் நிர்ப்பந்தத்தால் அவ்வழக்கம் நிலைபெறவில்லை. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே திட்டமொன்றைத் தொடங்கியது.

நாம் செய்யத்தக்கது யாது? ஆடி, ஆவணி மாதங்களில், உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்றுப் பணி தொடங்குக.

முதலாவது, வரத்துக்கால்வாய். நீர் வந்து சேராத ஏரியைத் தூர் வாரிப் பயனில்லை.

இரண்டாவது, கலங்கல். அது அடைபட்டால் வெள்ளம் கரையை உடைக்கும்.

மூன்றாவது, சீமைக் கருவேல். வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு களைதல் வேண்டும். கரைமீது வேர் பறித்த குழியை அன்றே மண்ணிட்டுக் கெட்டிக்காவிடில், அவ்விடத்திலேயே நீர் கசியும்.

நான்காவது, கரையோரம் பனங்கொட்டை ஊன்றுதல்.

சங்கத்திற்குப் பங்குத்தொகை செலுத்துகிறோம். ஏரிக்கு ஆண்டில் சில நாள் உழைப்பைச் செலுத்துவோம். அதன் லாப ஈவு நம் கிணற்றில் ஊறும்.